ராணியின் காலுறையும் ஏனோக்கின் சுத்தியலும்

இயந்திரம் வந்தால் வேலை போகுமா என்ற விவாதம் எந்த டீக்கடை பெஞ்சில் நடந்தாலும் அங்கே நான்கு பேர் இருந்தே தீருவார்கள். முதலாமவர், "போச்சு, எல்லாரும் நடுத்தெருவுக்கு வரப்போறோம்" என்பவர். இரண்டாமவர், "காலத்துக்கேத்த மாதிரி நாமதான் மாறிக்கணும் சார்" என்பவர். அவருடைய வேலைக்கு இன்னும் இயந்திரம் வந்திருக்காது. மூன்றாமவர், "அப்படியெல்லாம் பண்ண முடியாது, சட்டம் இருக்கு" என்று பிரிவு, உட்பிரிவு சகிதம் கிளம்புபவர். நான்காமவர், "எங்க காலத்துல ஒரு சாமான் வாங்கினா பத்து வருஷம் உழைக்கும்" என்று பெருமூச்சு விடுபவர். நால்வரும் பேசி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். முடிவு மட்டும் வராது.

விவாதம் முற்றும்போது, கொஞ்சம் புத்தகம் படித்தவர் யாராவது எதிராளியைப் பார்த்து "நீ ஒரு லுடைட்" என்பார். இயந்திரத்தைக் கண்டதும் சுத்தியலைத் தூக்கும் மூடன் என்று அர்த்தம். அறிவாளிகளின் வசவு என்பதால் கைகலப்பு வராது. திட்டு வாங்கியவருக்கே அது திட்டு என்று பாதி நேரம் தெரியாது.

இந்த வசவுக்குச் சொந்தக்காரர்களின் கதை கொஞ்சம் வேறு மாதிரியானது. முதன்முதலில் அவர்கள் உடைத்த இயந்திரம் புதுசே இல்லை. உடைபடும்போது அதற்கு வயது 222. உடைத்தவர்கள் அதில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள். போதாததற்கு, ராஜா கொடுத்த சாசனத்தை மேற்கோள் காட்டிவிட்டு உடைத்தவர்கள். பெஞ்சின் மூன்றாம் ஆளும் நான்காம் ஆளும் கூட்டுச் சேர்ந்து சுத்தியல் எடுத்த விவகாரம் அது.

பாதிரியார் செய்த தறி

1589. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் கால்வர்ட்டன் என்றொரு கிராமம். அங்கே வில்லியம் லீ என்றொரு பாதிரியார் இருந்ததாகச் சொல்வார்கள். பிரபுவோ பிச்சைக்காரனோ, அந்த நாட்டுக் குளிருக்குக் காலுறை இல்லாமல் முடியாது. அத்தனையும் கையால்தான் பின்னியாக வேண்டும். லீ ஒரு பெண்ணைக் காதலித்தாராம். இவர் போய் உருகும்போதெல்லாம் அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் காலுறை பின்னிக்கொண்டே இருப்பாளாம். கடுப்பான லீ, அந்த வேலையையே ஒழித்துக்கட்ட ஒரு தறி செய்தாராம். இன்னொரு கதையில் அவருக்குக் கல்யாணமே ஆகிவிடுகிறது. மனைவி ராப்பகலாகப் பின்னி ஓய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் தறி செய்கிறார். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் எந்தப் புது இயந்திரம் வந்தாலும் இந்த இரண்டு கதைகளும் கூடவே வரும். ஒருவர் "உன் சுமையைக் குறைக்க வந்திருக்கிறேன்" என்பார், இன்னொருவர் "உன்னை ஒழிக்க வந்திருக்கிறது" என்பார். எது நிஜம் என்பது முதல் மாதச் சம்பளக் கணக்கில்தான் தெரியும்.

இயந்திரம் என்றதும் புகை, நீராவி என்று கற்பனை வேண்டாம். ஒரு மரச்சட்டம், அதில் வரிசையாகக் கொக்கி ஊசிகள், காலால் மிதிக்கக் கட்டைகள். கையால் பின்னுபவர் ஒவ்வொரு கண்ணியாகப் போட்டுக்கொண்டிருக்க, இது ஒரு வரிசை முழுவதையும் ஒரே வீச்சில் போட்டது. லீ அதைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போனார். முதலாம் எலிசபெத் மகாராணியிடம் காப்புரிமை கேட்டார்.

மகாராணி மறுத்துவிட்டார். இதற்கு அனுமதி கொடுத்தால் பின்னிப் பிழைக்கும் என் ஏழைக் குடிகள் பிச்சையெடுக்க நேரும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். பெஞ்சின் முதல் இடத்தில் மகாராணியே வந்து உட்கார்ந்துவிட்டார்.

குடிகள் மேல் இருந்த பாசம் ஒருபுறம் இருக்கட்டும். லீ கொண்டுபோனது அங்குலத்துக்கு 8 ஊசி வைத்துப் பின்னிய முரட்டுக் கம்பளிக் காலுறை. மகாராணியோ ஆட்சிக்கு வந்த புதிதிலேயே பட்டுக் காலுறைக்குப் பழகிவிட்டவர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்காகக் கவலைப்படும்போது காலில் எதுவும் உறுத்தக்கூடாது. லீ ஊருக்குத் திரும்பி, அங்குலத்துக்கு 20 ஊசியாக்கி, 1598 வாக்கில் பட்டிலேயே பின்னிக்கொண்டு வந்தார். அப்போதும் காப்புரிமை கிடைக்கவில்லை. மட்டமாக இருந்தபோது வேண்டாம் என்றதாவது பரவாயில்லை. நன்றாக வந்தபிறகுதான் அவர்களுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எலிசபெத்துக்குப் பின் முதலாம் ஜேம்ஸ் வந்தார். அவரும் மறுத்தார். முந்தைய ஆட்சியின் கொள்கையை அடுத்த ஆட்சி அட்சரம் பிசகாமல் தொடர்ந்த அபூர்வ சம்பவங்களில் இது ஒன்று. லீ தம்பியையும் ஆட்களையும் தறிகளையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். அங்கே நான்காம் ஹென்றி ராஜா ஆதரவு கொடுத்தார். ரூவான் நகரில் தறிகள் ஓட ஆரம்பித்தன. எல்லாம் கூடிவந்த நேரத்தில், 1610 மே 14 அன்று, பாரிஸில் ஒரு குறுகலான தெருவில் ராஜாவின் வண்டி போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. ரவாயாக் என்பவன் எட்டி ஏறி ராஜாவைக் கத்தியால் குத்திக் கொன்றான். ஒரு கண்டுபிடிப்பாளர் தன் புரவலரை டிராஃபிக் ஜாமில் பறிகொடுத்தார். சில ஆண்டுகளில் லீயும் பாரிஸில் வறுமையில் செத்துப்போனார். தம்பி ஜேம்ஸ் பெரும்பாலான தறிகளை மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்.

விரட்டிய இயந்திரத்துக்குப் பட்டாபிஷேகம்

அரை நூற்றாண்டு போனது. "பிச்சையெடுக்க வைக்கும்" என்று விரட்டப்பட்ட தறியில் லண்டனில் நிறையப் பேர் பிழைக்க ஆரம்பித்திருந்தார்கள். பிழைப்பு என்று வந்ததும் சங்கம் வரும். சங்கம் என்றதும் முத்திரை, கொடி, துணை விதிகள் வரும். 1657-இல், ராஜா இல்லாத இங்கிலாந்தை ஆண்டுகொண்டிருந்த ஆலிவர் கிராம்வெல் பின்னல்காரர் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். அடுத்த ஆண்டு கிராம்வெல் செத்தார். ஆட்சி மாறியது. இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறி, தன் அப்பாவின் தலையை எடுத்த கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கில் போட்டார். அவ்வளவு கோபத்திலும் 1663-இல் பின்னல்காரர்களுக்குப் புதுச் சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டார். எந்த அரசாங்கமாக இருந்தாலும் காலில் குளிரும்.

1696-இல் இன்னும் வேடிக்கை. பின்னல் தறியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது குற்றம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சுமார் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் லீ இதைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குப் போனபோது யாரும் "எங்கே கொண்டுபோகிறாய்" என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது அது தேச ரகசியம்.

"மாறிக்கணும் சார்" என்ற இரண்டாம் ஆள் இதற்குள் மூன்றாம் ஆளின் இடத்துக்கு நகர்ந்துவிட்டார். யார் தறியில் உட்காரலாம், எத்தனை வருஷம் தொழில் பழக வேண்டும், ஒரு முதலாளி எத்தனை பையன்களை வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் கம்பெனி விதி போட்டது. முதலாளிகள் விதியைப் படித்தார்கள், மடித்து வைத்தார்கள். அனாதை இல்லத்துப் பிள்ளைகளைத் தொழில் பழகுபவர்கள் என்ற பெயரில் கூட்டமாகச் சேர்த்து, கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். 1710-இல் லண்டன் பின்னல்காரர்கள் பொறுமை இழந்து, அப்படிப்பட்ட முதலாளிகளின் தறிகளை உடைத்து ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினார்கள். லுடைட்டுகளுக்கு இது ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஒத்திகை.

முதலாளிகள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கம்பெனியின் கை நீளாத நாட்டிங்காம், லெஸ்டர் பக்கம் தொழிலை நகர்த்தினார்கள். விதி கடுமையாக இருக்கும் ஊரிலிருந்து விதி இல்லாத ஊருக்குத் தொழில் இடம்பெயர்வது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தால் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1753-இல் விவகாரம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கம்பெனியின் விதிகள் தொழிலுக்குத் தொல்லை என்று தீர்மானமாகிவிட்டது. ராஜாவின் சாசனம் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டினால் கொட்டாவி விடத்தான் ஆள் இருந்தார்கள்.

வாடகைக்குத் தறி, விற்பனைக்கு ஏமாற்று

இப்போது பணம் எந்தப் பக்கம் ஓடியது என்று பார்க்க வேண்டும். கதையின் குடுமி அங்கேதான் இருக்கிறது.

தறி பின்னல்காரருக்குச் சொந்தமில்லை. காலுறை வியாபாரிக்குச் சொந்தம். அது நிற்பது பின்னல்காரர் வீட்டில். ஓட்டுவதும் எண்ணெய் போடுவதும் அவர். ஊசியும் மெழுகுவர்த்தியும் அவர் செலவு. வாரா வாரம் தறி வாடகை கூலியில் பிடிக்கப்படும். வேலை வந்தாலும் வாடகை, வராவிட்டாலும் வாடகை. இந்த ஏற்பாட்டின் அழகு மெல்ல மெல்லத்தான் வியாபாரிகளுக்குப் பிடிபட்டது. பத்துத் தறிக்கான வேலையை இருபது தறிக்குப் பிரித்துக் கொடுத்தால் காலுறை அதே எண்ணிக்கைதான் வரும், வாடகை மட்டும் இரட்டிப்பாக வரும். கசாப்புக் கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர் எல்லாம் தறி வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். காலுறையே விற்காமல் காலுறைத் தொழிலில் சம்பாதிக்கும் கலை அப்படித்தான் பிறந்தது. கைபேசியில் ஆர்டர் வாங்கிக்கொண்டு, வண்டித் தவணையும் பெட்ரோலும் தன் கணக்கில் போட்டு ஓடும் நம் ஊர்த் தம்பிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1800-களின் தொடக்கத்தில் மூன்று இடி ஒன்றாக விழுந்தது. முதல் இடி, நெப்போலியனோடு போர்; வெளிநாட்டுச் சந்தைகள் அடைபட்டன, ரொட்டி விலை ஏறியது. இரண்டாவது இடி, நாகரிகம். மேட்டுக்குடி ஆண்கள் முழங்காலோடு நிற்கும் பிரீச்சஸையும் அதற்குக் கீழே பளபளத்த நீளக் காலுறையையும் கழற்றிவிட்டு முழுக்கால் பேண்டுக்கு மாறினார்கள். உள்நாட்டுப் போரையும் ராஜகொலையையும் தாண்டி வந்த தொழில் பேண்டில் தடுக்கி விழுந்தது.

மூன்றாவது இடி, வெட்டுக் காலுறை. முறையான காலுறை தறியிலேயே கால் வடிவத்துக்கு அகலம் கூட்டியும் குறைத்தும் பின்னப்படும். விளிம்பு கெட்டியாக இருக்கும். சில முதலாளிகள் அகலத் தறியில் வெறும் துணியாகப் பின்னி, அதைக் காலுறை வடிவத்தில் கத்தரித்து, விளிம்புகளைச் சேர்த்துத் தைத்து விற்க ஆரம்பித்தார்கள். இதற்கு ஏழு வருஷம் தொழில் பழகிய ஆள் தேவையில்லை; நேற்று வந்தவன் போதும். இதைத் திருப்பூரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே துணியை உருளையாகப் பின்னி, கட்டிங் மாஸ்டர் கத்தரித்து, ஓவர்லாக்கில் தைத்துத்தான் பனியனும் டி-ஷர்ட்டும் உலகம் முழுக்கப் போகின்றன. லுடைட்டுகள் கண்ணில் திருப்பூர் முழுவதுமே குற்றம் நடந்த இடம். ஆனால் 1811-இல் ஓவர்லாக் கிடையாது. வெட்டிய விளிம்பில் ஒரு கண்ணி அவிழ்ந்தால் போதும், வாங்கியவர் காலில் காலுறைக்குப் பதில் நூல் இருக்கும். நாலு பேர் அப்படி ஏமாந்ததும் நாட்டிங்காம் காலுறை என்றாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள். விலை விழுந்தது, கூலி விழுந்தது. வாடகை மட்டும் விழவில்லை.

நெட் லுட், ஷெர்வுட் காடு

சரி, சங்கம் வைத்து முறையிடலாமே என்றால், 1799, 1800 ஆண்டுச் சட்டங்கள் கூலிக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதையே குற்றமாக்கியிருந்தன. முதலாளிகள் ஒன்றுகூடிக் கூலியைக் குறைப்பதற்கும் ஏட்டளவில் அதில் தடை இருந்தது. ஏடு ஏட்டிலேயே இருந்தது.

1811 மார்ச் 11 அன்று நாட்டிங்காம் சந்தைத் திடலில் பின்னல்காரர்கள் கூடினார்கள். குதிரைப்படை வந்து கலைத்தது. அன்றிரவு பக்கத்தில் இருந்த ஆர்னால்ட் கிராமத்தில் அறுபதுக்கு மேற்பட்ட தறிகள் உடைந்தன. பிறகு அது வாராந்திர வாடிக்கையாகியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு ராத்திரியில் வருவார்கள். வீட்டுக்குள் போய்ப் பார்ப்பார்கள். ஒரே அறையில் ஆறு தறி இருந்தால், வெட்டுக் காலுறைக்கு ஓடுவதையும் கூலியைக் குறைத்தவருடையதையும் மட்டும் உடைத்துவிட்டு, நியாயமான கூலி தருபவரின் தறியை ஒரு கீறல் இல்லாமல் விட்டுவிட்டுப் போவார்கள். இயந்திரத்தின் மேல் மூர்க்க வெறுப்பு கொண்ட மூடர்கள் இருட்டில் இவ்வளவு கவனமாகத் தணிக்கை செய்தது ஆச்சரியம்தான்.

தலைவர் பெயர் நெட் லுட். தளபதி லுட் என்பார்கள், சில இடங்களில் ராஜா லுட். அவரைப் பிடிக்க அரசாங்கம் தலைகீழாக நின்றது. கஷ்டம் என்னவென்றால் அப்படி ஒருவர் கிடையாது. 1779 வாக்கில் லெஸ்டர் பக்கம் ஆன்ஸ்டி கிராமத்தில் நெட் லட்லம் என்றொரு பையன், திட்டு வாங்கிய கோபத்தில் தறியைச் சுத்தியலால் நொறுக்கினான் என்றொரு கதை உலவியது. அவன் இருந்தானா என்பதே சந்தேகம். இல்லாத ஆளைத் தலைவராக வைத்ததில் பல சௌகரியங்கள்: அவரைக் கைது செய்ய முடியாது, விலைக்கு வாங்க முடியாது, அடுத்த தேர்தலில் எதிரணிக்குத் தாவ மாட்டார். ஸ்டாக்போர்ட்டில் இரண்டு ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு, தளபதி லுட்டின் மனைவிமார் நாங்கள் என்று அறிவித்து ஒரு கலகத்துக்கே தலைமை தாங்கினார்கள். இல்லாத தளபதிக்கு இரண்டு சம்சாரம்.

அவர்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் எந்த வக்கீல் குமாஸ்தாவும் மெச்சிப்போவார். 1812 புத்தாண்டு தேதியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. முகவரி: நெட் லுட் அலுவலகம், ஷெர்வுட் காடு. ராபின் ஹுட் குடியிருந்த காடு, வாடகை கிடையாது. மாட்சிமை பொருந்திய இரண்டாம் சார்லஸ் வழங்கிய சாசனத்தின்படி, மோசடியாகச் சரக்கு தயாரிக்கும் தறிகளை உடைக்கும் அதிகாரம் பின்னல்காரர்களாகிய எங்களுக்கு உண்டு, ஆகவே உடைக்கிறோம் என்று போகிறது அறிக்கை. 149 வருஷம் பழைய சாசனத்தைத் தூசி தட்டி, அதன் அமலாக்கப் பிரிவாகத் தங்களையே நியமித்துக்கொண்டார்கள்.

வேறு மில், வேறு சட்டம்

தீ வடக்கே யார்க்ஷயருக்குப் பரவியது. அங்கே இருந்தவர்கள் கம்பளி கத்தரிப்பவர்கள். நெய்த கம்பளியின் மேலே எழுப்பிவிட்ட மயிரைச் சீராகக் கத்தரித்து வழவழப்பாக்குவது அவர்கள் தொழில். கத்தரிக்கோல் சுமார் 18 கிலோ. மணிக்கட்டில் காய்ப்பு ஏறியிருக்கும்; அதைப் பார்த்தே ஆள் இன்ன தொழில் என்று சொல்லிவிடலாம். கூலி நல்ல கூலி, திமிரும் அதற்கேற்ப. கம்பளியில் மயிர் எழுப்ப கிக் மில் என்ற இயந்திரமும், கத்தரிக்க இன்னொரு இயந்திரமும் வந்து அவர்களுக்குப் போட்டியாக நின்றன.

இங்கேதான் மூன்றாம் ஆள் உச்சத்துக்குப் போகிறார். கிக் மில்லைத் தடைசெய்து ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1552 வாக்கில், போட்ட சட்டம் உயிரோடு இருந்தது. கத்தரிப்பவர்கள் சுத்தியலை எடுக்கவில்லை. வசூல் செய்து வக்கீலை வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழித்து மனு மேல் மனு போட்டார்கள். முதலாளிகள் தரப்பு வாதம்: அந்தச் சட்டத்தில் சொல்லும் கிக் மில் வேறு, எங்கள் கிக் மில் வேறு. "நாங்க டாக்ஸி கம்பெனி இல்லீங்க, வெறும் ஆப்" என்ற வாதத்தின் முப்பாட்டன் இது.

நாடாளுமன்றம் நடுநிலையோடு யோசித்தது. ஒரு சாரார் சட்டத்தை மீறுகிறார்கள், இன்னொரு சாரார் சட்டத்தைக் காட்டுகிறார்கள். சிக்கல் சட்டத்தால்தானே வருகிறது? 1803-இல் அந்தச் சட்டத்தை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் நிறுத்தினார்கள். 1809-இல் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். இதற்குப் பிறகுதான் யார்க்ஷயரில் சுத்தியல் வந்தது.

சுத்தியல் என்றால் சாதாரணச் சுத்தியல் இல்லை, ஏனோக். மார்ஸ்டன் ஊரில் ஏனோக் டெய்லர் என்ற கொல்லர், தம் சகோதரரோடு பட்டறை வைத்திருந்தார். கத்தரிக்கும் இயந்திரங்களைச் செய்து முதலாளிகளுக்கு விற்றவர் அவர். அவற்றை உடைக்கப் பயன்பட்ட பெரிய சம்மட்டியும் அவருடைய பட்டறைச் சரக்கே. செய்தவனும் ஏனோக், நொறுக்குபவனும் ஏனோக் என்று கலகக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சண்டையில் நஷ்டப்படாதவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் தாராளமாக ஏனோக்கைக் காட்டலாம்.

சிரிப்பு 1812 ஏப்ரலோடு நின்றது. ஏப்ரல் 11 இரவு ராஃபோல்ட்ஸ் என்ற இடத்தில் கார்ட்ரைட் என்பவரின் ஆலையைச் சுமார் 150 பேர் தாக்கினார்கள். உள்ளே துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். கதவு உடையவில்லை. இரண்டு இளைஞர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். அவர்களில் ஜான் பூத் என்பவர் உயிர் பிரியும் நேரத்தில், கூட்டாளிகளின் பெயரைக் கறக்கக் காத்திருந்த பாதிரியாரை அருகே அழைத்து, "ரகசியம் காப்பீர்களா?" என்று கேட்டாராம். "காப்பேன்" என்று ஆவலோடு குனிந்தாராம் பாதிரியார். "நானும் காப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லும் கதை. அதே மாதம் 28-ஆம் தேதி ஹார்ஸ்ஃபால் என்ற ஆலை முதலாளியை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அதுவரை ஓரளவு இருந்த அனுதாபமும் அன்றோடு வடிந்தது. 12,000 படைவீரர்கள் நாட்டுக்குள்ளேயே இறக்கப்பட்டார்கள். வெளியே நெப்போலியன், உள்ளே காலுறை.

கவிஞர் பேசினார், அவை கேட்டது

இதற்குச் சில வாரங்கள் முன்பே அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்திருந்தது. 1788-லிருந்து தறி உடைத்தால் நாடுகடத்தல்தான் தண்டனை. இனிமேல் மரச்சட்டத்தை உடைத்தால் நாட்டுச்சட்டம் உயிரை எடுக்கும் என்றது மசோதா. 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் 24 வயது இளைஞர் ஒருவர் எழுந்து தம் கன்னிப்பேச்சைப் பேசினார். பைரன். அவருடைய பூர்வீக மாளிகையே நாட்டிங்காம்ஷயரில்தான் இருந்தது. பசித்தவனைத் தூக்கில் போட வேண்டுமென்றால் இந்த மசோதா மட்டும் போதாது, ஜூரிகளாகப் பன்னிரண்டு கசாப்புக்காரர்களும், நீதிபதியாகத் தூக்குத் தண்டனைக்குப் பேர்போன ஜெஃப்ரீஸும் வேண்டும் என்று வெளுத்து வாங்கினார். அவை ரசித்தது. மசோதா நிறைவேறியது. 12 நாள் கழித்து பைரனின் கவிதைப் புத்தகம் வெளியாகி அவர் ஒரே இரவில் புகழ்பெற்றார். பின்னல்காரர்களுக்காக அவர் பேசியது பலருக்கு மறந்தே போனது. பின்னாளில் அவருடைய மகள் ஏடா, தறி அட்டைகளிலிருந்து யோசனை பெற்ற ஒரு கணக்கு இயந்திரத்துக்கு நிரல் எழுதி, இன்றைய விவாதத்துக்கெல்லாம் அடிக்கல் நாட்டிவைத்தார். அப்பா ஒரு கட்சி, பெண் ஒரு கட்சி.

அதே 1812-இல் யாரும் படம் எடுக்காத ஒரு மனிதர் வேறொரு வழியில் போனார். கிரேவனர் ஹென்சன், பின்னல்காரர். கையெழுத்து வாங்கினார், லண்டனுக்குப் போனார், உறுப்பினர்களின் வாசலில் காத்துக்கிடந்தார். வெட்டுக் காலுறை போன்ற மோசடிச் சரக்கைத் தடுக்க ஒரு மசோதாவைத் தயார் செய்ய வைத்தார். பொதுமக்கள் அவையில் அது தேறியும் விட்டது. ஜூலையில் பிரபுக்கள் அவைக்கு வந்ததும் குப்பைத் தொட்டிக்குப் போனது. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடலாகாது என்பது அவர்கள் கொள்கை. தறியைக் காப்பாற்றத் தூக்குக்கயிற்றோடு தலையிட்ட நாலாவது மாதம் அந்தக் கொள்கை அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள். மூவர் ஹார்ஸ்ஃபால் கொலைக்காக. மற்ற 14 பேர் ஆலைத் தாக்குதலுக்கும் கொள்ளைக்குமாக.

பிறகு நாடாளுமன்றம் வீட்டைக் கூட்டிப் பெருக்கியது. கூலியை நிர்ணயிக்கவும் தொழில் பழகும் காலத்தை வரையறுக்கவும் 1563-இல் எலிசபெத் காலத்தில் போட்ட சட்டத்தின் கூலிப் பகுதியை 1813-இலும், தொழில் பழகும் பகுதியை 1814-இலும் நீக்கியது. "சட்டம் இருக்கு தெரியுமா?" என்று கேட்க இனி சட்டமே இல்லை. 1816-இல் லஃபரோவில் ஹீத்கோட் என்பவரின் லேஸ் ஆலையில் 55 இயந்திரங்களை ஒரே இரவில் நொறுக்கினார்கள். இந்தா இழப்பீடு, ஆனால் இந்த வட்டாரத்திலேயே செலவழிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. உங்கள் பணமும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்று டெவன் பக்கம் டிவர்ட்டனுக்குத் தொழிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேலை தேடி அவருடைய ஆட்களும் பின்னாலேயே நடந்தார்கள், குடும்பத்தோடு, சுமார் 200 மைல்.

லுடைட்டுகளைத் தோற்கடித்த இயந்திரம் அப்புறம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதே லீயின் தறி, அதே மிதிகட்டை, அதே வீட்டு மூலை. பல பத்தாண்டுகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஆளும் வாடகையும் அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது நீராவி இயந்திரம் வாங்க எந்த முதலாளிக்கும் அவசரம் இல்லை. முன்னேற்றத்தைத் தடுத்தவர்கள் என்று யாரைத் தூக்கில் போட்டார்களோ அவர்கள் போன பிறகும் முன்னேற்றம் வர மறுத்தது. வாடகைக்காரர்கள் அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். 1845-இல் அரசாங்க விசாரணைக் குழு ஒன்று வந்து பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் போனது. தறி வாடகை, பிரித்துக் கொடுக்கும் வேலை, அரை வயிற்றுக் கூலி: ஷெர்வுட் காட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களில் இருந்த புகார்கள்தான், எழுத்துப்பிழை மட்டும் திருத்தப்பட்டிருந்தது.

1874-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கூலியிலிருந்து தறி வாடகை பிடிப்பது செல்லாது. 1811-இல் கேட்டது 63 வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. இதற்காக நாடாளுமன்றத்தை யாரும் பழைய பஞ்சாங்கம் என்றோ, காலத்துக்கேற்ப மாறத் தெரியாதது என்றோ திட்டவில்லை. அந்த வசவை ஏற்கெனவே வேறு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டது.